கன்னி ராசியின் இன்னொரு கை

நம் மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ராசிச் சித்திரங்களை எப்படிப் பெரிதாக்கிப் பார்ப்பது, எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதைக் கம்ப்யூட்டர் என்னைவிடப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும். எனக்குப் பொறுமை கிடையாது என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அப்படிச் சொல்லக்கூடியவர்களும் இப்போது அதிகம் இல்லை. ஓய்வு பெற்றபின்னும் மன்னார்புரத்தில் அதே வீட்டு மாடியில் தனியாக இருக்கிறேன். கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டேன், ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

பழைய சுவடிகளில் பன்னிரண்டு ராசிகளையும் படமாக வரைந்துவைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஓலையிலும் இருக்கிறது, பாரசீகக் காகிதத்திலும் இருக்கிறது, ஐரோப்பாவில் தோலில் எழுதிய ஜெபப் புத்தகங்களிலும் இருக்கிறது. எது எதைப் பார்த்து வரைந்தது, எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் போனது என்று ஆராய்வது பெரிய படிப்புப் படித்தவர்களின் வேலை. அதற்கு முன்னால் ஒவ்வொரு படத்திலும் என்ன இருக்கிறது என்று யாராவது உட்கார்ந்து எழுதவேண்டும். அந்த யாராவதுதான் நாம்.

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு படத்தை இரண்டு பேர் பார்ப்போம். நடுவில் ஒரு பிளைவுட் தட்டி. ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக்கூடாது. படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளக் கூடாது. வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் தலைவர் முன்னால் உட்கார்ந்து, எழுதியதை ஒருவர் மாற்றி ஒருவர் வாசிப்போம். ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் படத்தைப் பெரிய திரையில் போட்டு மூன்று பேருமாகப் பார்ப்போம்.

அந்த இரண்டு பேரையும் தலைவர் வேண்டுமென்றேதான் பொறுக்கியிருந்தார். நான் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், ஞாயிறு பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கக் குடும்பம். தட்டிக்கு அந்தப் பக்கம் வேதவல்லி, ஸ்ரீரங்கம் உத்திர வீதி, சமஸ்கிருதத்தில் எம்.ஏ. கையில் குருத்தோலை பிடித்த ஒரு பெண்ணைப் படத்தில் கண்டால் எனக்கு விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சி ஞாபகம் வரும், அவருக்குக் கோயில் சன்னிதியில் இருக்கும் தாயார் ஞாபகம் வரும். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி பாத்தீங்கன்னா ஒருத்தர் சம்பளம் தண்டம்" என்பார் தலைவர். பாராட்டுகிறாரா திட்டுகிறாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

சேர்ந்த புதிதிலேயே எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு குட்டு விழுந்தது. ஐரோப்பாவின் வடக்கே எங்கோ வரைந்த விருச்சிக ராசி. வேதவல்லி, "தேள், வால் மேல்நோக்கி வளைந்திருக்கிறது" என்று வாசித்தார். நான், "பல்லி, வரையத் தெரியாதவர் வரைந்த பல்லி" என்று வாசித்தேன். தலைவர் படத்தைத் திரையில் போட்டார். நாலு கால், நீண்ட வால், நாய்க்கு இருப்பதுபோல ஒரு மூக்கு. தேளையே கண்டிராத குளிர்நாட்டுக்காரர் பாவம், கேள்விப்பட்டதை வைத்து வரைந்திருந்தார்.

"இதுல தேள் எங்க இருக்கு, வேதவல்லி?"

"விருச்சிகம்னு மேல எழுதியிருக்கே சார்."

"அது எழுத்து. நான் படத்தைக் கேட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சிரிக்கிறீங்க? பல்லின்னு உங்ககிட்ட யார் சொன்னா? உங்க வீட்டுச் சுவத்துல ஓடுறதை எழுதியிருக்கீங்க. நாலு கால், ஒரு வால், ஒரு மூக்கு. அவ்வளவுதான் இருக்கு. பேர் வைக்கிற வேலை நமக்கு இல்ல."

அறிவு முந்திக்கொள்ளும், கண் பின்னால் வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரிந்ததைத்தான் மனசு முதலில் பார்க்கும். உங்களுக்கும் அப்படித்தான் நடக்கப்போகிறது. யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை, ஆனால் அது நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வேலையில் கண்ணுக்குத்தான் சிரமம் என்று நினைப்பீர்கள். எனக்கு வாய்க்குத்தான் சிரமமாக இருந்தது. ஒரு பாரசீகப் பிரதியில் மீன ராசியின் இரண்டு மீன்களில் ஒன்று, சண்டை போட்ட பெண்டாட்டிபோல முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சற்று நேரம் கழித்துத் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. அதே படம்தானா என்று கேட்க முடியாது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, வெண்டைக்காய் முற்றிப்போய் விற்கிறார்கள் என்று பேசினோம். வருஷக்கணக்காக ஒரே படங்களைப் பார்த்துக்கொண்டு, அவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிய இரண்டு பேர் நாங்கள். வெள்ளிக்கிழமை வாசிக்கும்போது அழகு, சிரிப்பு எதுவும் அதில் இருக்காது. மீன் இரண்டு, எதிரெதிர்த் திசை, செதில் உண்டு. அவ்வளவுதான்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேதவல்லியின் கணவர் காலமாகிவிட்டார், மகன் குடும்பத்தோடு வெளிநாட்டில். எங்கள் இருவர் வீட்டிலும் சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு நாங்கள்தான் போகவேண்டும். இதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் லீவு நாள் வந்தால் இருவருக்குமே எரிச்சலாக இருக்கும்.

பிறகு அந்தக் கன்னி ராசி வந்தது. நம் பக்கத்து ஓலைச்சுவடி, கீறி மை தடவிய கோட்டுச் சித்திரம். நம் மரபில் கன்னி என்றால் படகில் நிற்கும் பெண், ஒரு கையில் நெற்கதிர், இன்னொரு கையில் நெருப்பு. சாஸ்திரம் படித்தவர்களுக்கு இது தூக்கத்திலும் வரும். ஆனால் எல்லா ஓவியர்களும் அப்படி வரைவதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்த தமிழ் ஆய்வாளர் ஒருவர் இந்த ஓலையைப் பெரிதும் நம்பியிருந்தார். இதில் படகு இருந்தால், வடக்கே வேறொரு சுவடியோடு இதற்கு உறவு உண்டு என்று அவர் எழுதியிருந்த புத்தகம் நிற்கும். புத்தகம் அச்சுக்குப் போகக் காத்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவரும் வீடியோவில் வந்து உட்கார்ந்திருந்தார்.

வேதவல்லி முதலில் வாசித்தார். "படகில் நிற்கும் பெண். வலது கையில் நெற்கதிர். இடது கையில் தீபம், சுடர் மேல்நோக்கி."

திரையில் ஆய்வாளர் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நன்றிங்க. இது போதும்ங்க எனக்கு" என்றார்.

என் தாளில் நான் எழுதியிருந்தது இதுதான்: பெண் நிற்கிறாள், காலடியில் கோடு எதுவும் இல்லை, வலது கையில் கதிர். இடப் பக்கம் தோளோடு ஓலை ஒடிந்துபோயிருக்கிறது. படகு இருக்கிறதா இல்லையா என்று இரண்டு பேர் வாதாடலாம். இல்லாத கையில் தீபத்தைப் பார்க்க யாராலும் முடியாது. வேதவல்லி அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. சோம்பேறித்தனத்தால் பார்க்காமல் விடுகிற ஆளும் இல்லை அவர். அப்படியென்றால் ஒரே ஒரு காரணம்தான் மிச்சம்.

"நீங்க வாசிங்க, ஸ்டெல்லா" என்றார் தலைவர்.

நான் வாசித்தால் படம் பெரிய திரைக்கு வரும். வந்தால் கண்மூடித் திறப்பதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், முன்பின் தெரியாத ஒரு மனிதர் முன்னால், வேதவல்லி கையில் தாளோடு உட்கார்ந்திருக்கும்போதே. நான் தாளை மடித்தேன்.

"இன்னொரு தடவை பாக்கணும் சார். நாளைக்குக் காலைல வாசிக்கிறேன்."

தலைவர் என்னைக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். நான் அப்படிக் கேட்டதே இல்லை. "சரி, நாளைக்கு" என்றார். ஆய்வாளரும் மறுநாள் வருவதாகச் சொன்னார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஏதாவது இருந்தால் இதுதான். நம் வேலையில் உண்மையை மாற்ற முடியாது, மாற்றக்கூடாது. அதை முதலில் யாரிடம் சொல்வது என்பது மட்டும் சில சமயம் நம் கையில் இருக்கும். அதற்கு ஒரு ராத்திரி அவகாசம் கேட்பதில் தப்பில்லை. முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

சாயங்காலம் வேதவல்லியோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அவர் வரிசையாக இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, மூன்றாவது வந்ததும் பக்கத்திலிருந்த பெண்ணிடம், "ஸ்ரீரங்கமா?" என்று கேட்டுவிட்டு ஏறினார். தினமும் போகிற பஸ். இதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும், ஆனால் நான் எப்போதும் எதிர்ப் பக்கம் நின்று என் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு போகிறவள். அன்றைக்கு அவர் பின்னாலேயே ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மன்னார்புரம் எப்போ இந்தப் பக்கம் வந்தது?" என்று சிரித்தார்.

காவிரிப் பாலம் வரும்வரை வேறு எதையெதையோ பேசினேன். பாலத்தில் பஸ் ஊர்ந்தது.

"வேதா, அந்த ஓலை ஓரம் ஒடிஞ்சிருக்கு."

"எந்த ஓலை?"

"இன்னைக்கு வாசிச்சது. இடது கை இல்ல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தண்ணீரைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார். "தீபம் இல்லையா?" என்றார்.

"கையே இல்லீங்க."

"படகு?"

"இல்ல."

"ஒரு கோடுகூடவா இல்லை? சித்த வளைஞ்சாப்பல ஏதாவது?"

அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. ஆமாம், ஒரு சின்னக் கோடு இருக்கிற மாதிரிதான் இருந்தது என்று சொல்லியிருந்தால் அந்த வாரம் அவர் தப்பித்திருப்பார். சொல்லவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"இல்ல வேதா."

பிறகு அவரே சொன்னார். கண்ணின் நடுப்பகுதி போய்க்கொண்டிருந்ததாம். "நடுவுல கரி அப்பினாப்பல இருக்கு. எதை உத்துப் பார்க்கறேனோ அது மறைஞ்சுடறது. பார்க்காத இடமெல்லாம் தெரியறது. டாக்டர் இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டார். பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணி ஓரத்தால பார்த்து எழுதிண்டு வந்தேன். கொஞ்ச நாளா அதுவும் சரியா வரலை."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஆத்துல உட்காருன்னுடுவா. ஆத்துல யார் இருக்கா ஸ்டெல்லா? அங்கே வந்தா தட்டிக்கு அந்தப் பக்கம் நீங்க இருமறதாவது கேக்கும்."

என் நிலைமையும் அதேதான் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

தேவி தியேட்டர் ஸ்டாப்பிங் வந்தபோது இறங்கினோம். அவர் வீதி முனையில் நின்றார். "நாளைக்கு என்ன வாசிக்கப்போறேள்?"

"எழுதினதை."

"சரி. போயிட்டு வாங்கோ, இருட்டறது" என்றார். கோபமா, வருத்தமா என்று அந்தக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் காலை வாசித்தேன். படகு இல்லை, இடது கை ஒடிந்த ஓலையோடு போய்விட்டது என்றேன். தலைவர் படத்தைத் திரைக்குக் கொண்டுவர எழுந்தார். அதற்குள் ஆய்வாளர் பேச ஆரம்பித்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இந்தப் படகு நம்ம மரபுல ரொம்ப முக்கியமான விஷயம். உங்களுக்கு அந்தப் பின்னணி இருக்காது. அதனால கோடு லேசா இருந்தா உங்க கண்ணுல படாம போகலாம். இவங்க அந்த மரபுலேயே இருக்கறவங்க, பாத்ததும் தெரிஞ்சிருக்கு."

சுருக்கென்றது. இத்தனை வருஷம் கழித்து என் ஞாயிறு பூசையை வைத்து என் கண்ணை எடைபோடுகிறாரே என்று வாய்வரை வந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து வேதவல்லி பேசினார்.

"மரபு தெரிஞ்சதாலதான் சார் எனக்குப் படகு தெரிஞ்சது. நான் பார்க்கலை. எனக்குக் கண்ணு சரியா தெரியலை, கொஞ்ச காலமாவே. நேக்குப் பாடமா இருந்ததை எழுதிட்டேன். ஸ்டெல்லா பார்த்திருக்கா. அவ வாசிச்சதை எடுத்துக்கோங்கோ."

அதுவரை என்னை அவர் ஒருமையில் சொன்னதே இல்லை.

தலைவர் படத்தைத் திரையில் போடாமலே உட்கார்ந்தார். ஆய்வாளர், "மன்னிச்சுக்கங்க, ரெண்டு பேரும்" என்றார். அந்த அத்தியாயத்தையே அவர் எடுத்துவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். நல்ல மனிதர்தான்.

அந்த மாதமே வேதவல்லி வேலையிலிருந்து நின்றுகொண்டார். சால்வை போர்த்தி, மைசூர்பாகு கொடுத்து அனுப்பினோம். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. ஒருவர் பார்த்தால் போதும், சந்தேகம் வந்தால் மெஷினைக் கேட்டுக்கொள்ளலாம் என்றார்கள். தட்டியை எடுத்துவிடட்டுமா என்று ஆபீஸ் உதவியாளர் கேட்டார், நான் வேண்டாம் என்றேன். அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை அங்கே தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அழகான படம் வந்தால் யாரிடமும் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு இல்லை, சொல்ல ஆள்தான் இல்லை. சரியாகச் செய்துவிட்டு வருத்தப்பட்டுக்கொண்டே இருக்க முடியும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். மறுபடி அந்த ஓலை வந்தாலும் கை இல்லை என்றுதான் எழுதுவேன்.

சனிக்கிழமைகளில் ஸ்ரீரங்கம் போகிறேன். ஆரம்பத்தில் அவர் கதவைத் திறந்து, "வாங்கோ" என்றதோடு சரி, நாங்கள் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அந்தப் பழக்கம்தான் எங்கள் இருவருக்கும் நன்றாக வரும். பிறகு கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். வீதியில் ஆட்டோவும் சைக்கிளும் குறுக்கே வரும், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அவரை உள்ளே கூட்டிப்போய் ஒரு வாசல்வரை விடுவேன். அதற்கு அப்பால் இந்துக்கள் மட்டும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். என்னை நிறுத்தி யாரும் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் நான் அங்கேயே நின்றுவிடுவேன். அவர் தனியாகச் சுவரைத் தடவிக்கொண்டு கூட்டத்தோடு போவார்.

போன சனிக்கிழமை திரும்பிவர ரொம்ப நேரமாயிற்று. எனக்குப் பதற்றமாகிவிட்டது. ஒருவழியாக வந்து என் கையைத் தேடிப் பிடித்தார், உள்ளங்கை சில்லென்றிருந்தது.

"நல்லா பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"திருமுகத்தைப் பார்த்தா திருமுகம் மறைஞ்சுடறது. அதனால திருவடியையே பார்த்துண்டு நின்னேன். ஓரத்துல முகம் வந்தது. சிரிச்சுண்டிருந்தார்."

"அப்புறம் என்ன, நல்லதுதானே?"

அவர் கொஞ்சதூரம் நடந்தார். பிறகு நின்றார்.

"நெஜமாவே பார்த்தேனா, இத்தனை வருஷமா சேவிச்சது பாடமா வந்துடுத்தா, தெரியலை ஸ்டெல்லா. இல்லைன்னா இல்லைன்னு சொல்றதுக்கு அங்கே பக்கத்துல நீங்க இல்லையே."

நான் அந்த வாசலைத் தாண்டியதில்லை.